30 வோல்ட் தாங்கும் ஐசி பகல் நேரத்தில் ஏன் வெடித்தது?

கோவையில் சோலார் விளக்கு செய்யும் சிறு பட்டறைகளுக்கு எல்இடி டிரைவர் போர்டு, அதாவது எல்இடிக்குப் போகும் கரன்ட்டை அளவாக வைக்கும் சர்க்யூட் போர்டு, வடிவமைத்துக் கொடுப்பது என் வேலை. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்கும் முதல் கேள்வி, "இந்த ஐசிக்கு எத்தனை வோல்ட் வரைக்கும் கொடுக்கலாமுங்க?" என்பதுதான். நான் பதிலுக்கு இன்னொன்று கேட்பேன். உங்கள் வயரில் மிக மோசமான நாளில் எத்தனை வோல்ட் வரும்? அது தெரிந்தால்தான் எந்த ஐசி என்று சொல்ல முடியும். கரன்ட்டும் அப்படித்தான். எல்இடி எவ்வளவு தாங்கும் என்று பார்ப்பதற்கு முன்னால், பெட்டிக்குள் அது எவ்வளவு சூடாகும் என்று பார்க்க வேண்டும்.

பேசுவதற்கு வசதியாக பிடி4115 என்ற ஐசியை எடுத்துக்கொள்கிறேன். சின்ன விளக்குகளில் நிறையப் புழங்குகிறது, சென்னை ரிச்சி தெருவில் கேட்டால் கிடைக்கும். ஐந்து கால்கள். சர்க்யூட்டும் எளிது. பேட்டரி பிளஸிலிருந்து கரன்ட்டை அளக்க ஒரு சிறிய சென்ஸ் ரெசிஸ்டர், அடுத்து எல்இடி வரிசை, அடுத்து காயில், காயிலின் மறுமுனை ஐசியின் ஸ்விட்ச் காலில். ஐசிக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் அந்தக் காலை கிரவுண்டில் சேர்த்துச் சேர்த்து விடும். விடும் நேரத்தில் காயில் கரன்ட் சுற்றி வர ஒரு ஷாட்கி டயோடு. உள்ளே வரும் பக்கத்தில் ஒரு கெப்பாசிட்டர். சென்ஸ் ரெசிஸ்டரின் இரு முனைக்கும் இடையே சராசரியாக 0.1 வோல்ட் இருக்கும்படி ஐசி பார்த்துக்கொள்ளும். அதனால் எல்இடி கரன்ட் என்பது 0.1-ஐ ரெசிஸ்டர் மதிப்பால் வகுத்தால் வருவது. 0.33 ஓம் போட்டால் சுமார் 300 மில்லி ஆம்பியர், 0.15 போட்டால் சுமார் 670, 0.1 போட்டால் 1 ஆம்பியர்.

தயாரிப்பாளர் கொடுக்கும் விவரத் தாளான டேட்டாஷீட்டில் இதன் வோல்டேஜுக்கு இரண்டு எண்கள் இருக்கும். வேலை செய்ய வேண்டிய எல்லை 30 வோல்ட். 'அப்சல்யூட் மேக்ஸிமம்' என்ற தலைப்பில் இருப்பது 45 வோல்ட். இந்த இரண்டாவது எண்ணைப் பார்த்துத்தான் பலரும் ஏமாறுகிறார்கள். "45 வரைக்கும் தாங்குதே, 36 வோல்ட்டுக்குப் போடலாமே" என்பார்கள். அந்த 45 ஒரு நொடிகூடத் தாண்டக் கூடாத கோடு. அதன் பக்கத்தில் ஐசி ஒழுங்காக வேலை செய்யும் என்று தயாரிப்பாளர் எந்த உறுதியும் கொடுப்பதில்லை. நான் தினசரி வோல்டேஜை 30-க்குள்ளும், எப்போதாவது ஒரு கணம் எகிறும் வோல்டேஜை, அதாவது ஸ்பைக்கை, 45-க்கு நன்றாகக் கீழேயும் வைக்கும்படிதான் எல்லாவற்றையும் அமைக்கிறேன். 30-க்கும் 45-க்கும் நடுவில் உள்ள இடம் ஸ்பைக்குக்காக விட்டு வைத்த இடம். அதில் பேட்டரியைக் கொண்டுபோய் உட்காரவைக்கக் கூடாது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. ஒரு ஊராட்சியில் 24 வோல்ட் சோலார் தெருவிளக்குகள் போட்டிருந்தார்கள். போர்டு வேறு ஒருவர் செய்தது, இதே ஐசிதான். சில மாதங்களில் ஒவ்வொன்றாக அணைந்தன. பழுதுபார்க்கச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தார்கள். ஐசியின் கறுப்பு உடம்பில் ஊசி முனை அளவுக்கு ஒரு துளை, அதைச் சுற்றிச் சாம்பல் நிறம். மல்டிமீட்டரை வைத்தால் ஸ்விட்ச் காலுக்கும் கிரவுண்டுக்கும் நேர் ஷார்ட். எல்இடி வரிசையும் கருகியிருந்தது. கொண்டுவந்தவர் சொன்ன ஒரு விஷயம்தான் விசித்திரமாக இருந்தது. "முந்தின நாள் ராத்திரி நல்லா எரிஞ்சதுங்க. மறுநாள் சாயங்காலம் எரியலை." அப்படியென்றால் ஐசி செத்தது பகலில், விளக்கு அணைந்திருந்தபோது.

விளக்கு அணைந்திருந்தாலும் ஐசியின் பவர் கால் எப்போதும் பேட்டரி வயரோடுதான் இருக்கிறது. பேட்டரிப் பெட்டியைத் திறந்து பார்த்தபோது டெர்மினலில் பச்சை பூத்து, வயர் முனையில் மாட்டியிருந்த லக் கையால் ஆட்டினால் ஆடியது. காரணம் அங்கேதான். பேனலிலிருந்து வரும் வோல்டேஜைக் கீழே பிடித்து வைத்திருப்பதே பேட்டரிதான். 24 வோல்ட் சிஸ்டத்துக்குப் போடும் 72 செல் பேனல், லோடு இல்லாமல் இருந்தால் 44 முதல் 46 வோல்ட் வரை காட்டும். சாதாரண சார்ஜ் கன்ட்ரோலர்கள் சிலவற்றில், பேட்டரி கழன்றுவிட்டால் அந்த வோல்டேஜ் அப்படியே விளக்கு வயருக்கு வந்துவிடும். 30 வோல்ட் ஐசிக்கு அது மரண தண்டனை. பேனல் குளிர்ந்திருக்கும் காலை நேரத்தில் இது இன்னும் கூடும். சிலிக்கான் செல்லில் வெப்பம் ஒரு டிகிரி குறைந்தால் வோல்டேஜ் சுமார் 0.3 சதவீதம் ஏறும். பேனலின் பின்னால் ஒட்டியிருக்கும் எண் 25 டிகிரிக்கானது. ஊட்டியில் 5 டிகிரி காலையில் அதோடு 6 சதவீதம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இது முதல் காரணம். இரண்டாவது, ஆடும் லக். பேட்டரி வயரைத் தொட்டுத் தொட்டு எடுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்பைக் வரும். நீளமான வயருக்கு இண்டக்டன்ஸ் உண்டு, அதாவது ஓடும் கரன்ட்டைச் சட்டென்று நிற்கவிடாத குணம். போர்டில் செராமிக் கெப்பாசிட்டர் மட்டும் இருந்தால், வயரில் பாய்ந்து வந்த கரன்ட் கெப்பாசிட்டர் நிறைந்த பிறகும் நிற்காமல் அதை மேலும் ஏற்றிவிடும். மோட்டார் ஓடும்போது வால்வைச் சட்டென்று மூடினால் பைப் அதிர்கிறதே, அதே கதைதான். கணக்குப்படி இந்த ஸ்பைக் சப்ளை வோல்டேஜைப் போல் இரு மடங்கு வரை போகலாம். மேசையில் இரண்டு மீட்டர் வயர் வைத்து 24 வோல்ட் பேட்டரியைத் தொட்டுப் பார்த்தேன். ஆசிலோஸ்கோப் திரையில் 40-ஐத் தாண்டி ஒரு ஊசி எழும்பி, நாலைந்து முறை ஆடி, பிறகு அடங்கியது. அதே போர்டில் 100 மைக்ரோ ஃபாரட், 50 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக் ஒன்றைச் செராமிக்கோடு சேர்த்துச் சால்டர் செய்த பிறகு ஊசி மழுங்கி, பேட்டரி வோல்டேஜுக்குச் சற்று மேலே ஒரு சின்ன மேடாகிவிட்டது. எலக்ட்ரோலிட்டிக்கின் உள் ரெசிஸ்டன்ஸ் இங்கே நமக்கு உதவி செய்கிறது, ஆட்டத்தை அது உறிஞ்சிக்கொள்கிறது. 105 டிகிரி ரகம் வாங்குங்கள், சூடான பெட்டிக்குள் 85 டிகிரி ரகம் சீக்கிரம் காய்ந்துவிடும்.

ஸ்பைக்கைப் பிடித்து நிறுத்தும் "டிவிஎஸ் டயோடு ஒன்று போட்டால் தீர்ந்ததே" என்று தோன்றும். 12 வோல்ட் சிஸ்டத்தில் தீரும். 24-இல் கணக்குப் போட்டுப் பாருங்கள். லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது 28.8 வோல்ட் வரை ஏறும். அப்போது டிவிஎஸ் சும்மா இருக்க வேண்டும் என்றால் 30 வோல்ட் ரகம் வேண்டும், உதாரணமாக எஸ்எம்பிஜே30ஏ. அது முழுக் கரன்ட்டில் பிடித்து நிறுத்துவது 48.4 வோல்ட்டில். ஐசியின் கோடோ 45. ஒரு படி இறக்கி 26 வோல்ட் ரகம் போட்டால் 42.1-இல் பிடிக்கும், ஆனால் தினசரி சார்ஜ் வோல்டேஜிலேயே லீக் ஆகிச் சூடாக ஆரம்பிக்கும். நடுவில் இருக்கும் 28 வோல்ட் ரகம் இரண்டு பக்கமும் இடிக்கிறது. அதைவிட, பேட்டரி கழன்று பேனல் வோல்டேஜ் மணிக்கணக்கில் நின்றால் எந்த டிவிஎஸ்ஸும் தாங்காது. அது நொடியின் சின்னப் பின்னத்துக்காகச் செய்த உருப்படி.

அதனால் 24 வோல்ட் சோலாருக்கு 30 வோல்ட் ஐசியே வேண்டாம் என்பது என் முடிவு. 60 வோல்ட் ஐசிக்குப் போய்விடுங்கள். நான் போடுவது இசட்எக்ஸ்எல்டி1366. சர்க்யூட் அமைப்பு அதேதான், 6 முதல் 60 வோல்ட் வரை வேலை செய்யும். ஆனால் உறை சிறியது, பழைய போர்டில் உட்காராது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இதன் சென்ஸ் வோல்டேஜ் 0.1 அல்ல, 0.2. பழைய ரெசிஸ்டரை அப்படியே விட்டால் கரன்ட் இரண்டு மடங்காகிவிடும். ஷாட்கி டயோடையும் சேர்த்து மாற்றுங்கள். ஸ்விட்ச் சேர்ந்திருக்கும் நேரம் முழுக்க சப்ளை வோல்டேஜ் அந்த டயோடின் மேல்தான் நிற்கிறது. பேனல் வோல்டேஜ் 46 வரும் இடத்தில் 40 வோல்ட் எஸ்எஸ்34 போட்டால், ஐசி பிழைக்கும், டயோடு போகும். எஸ்எஸ்26 போன்ற 60 வோல்ட் ரகம் வேண்டும், மலைப் பகுதி என்றால் 100 வோல்ட்.

12 வோல்ட் சிஸ்டத்தில் கவலை குறைவு. 36 செல் பேனல் லோடு இல்லாமல் 21, 22 வோல்ட்தான் காட்டும். பேட்டரி சார்ஜில் 14.4, காலியாகும்போது 10.8 பக்கம். பிடி4115 இதற்குத் தாராளம். இங்கே பார்க்க வேண்டியது கீழ் எல்லையை. வெள்ளை எல்இடி ஒன்றுக்கு 3.2 வோல்ட் என்று வைத்தால் மூன்றுக்கு 9.6. சென்ஸ் ரெசிஸ்டர், காயில், உள் டிரான்சிஸ்டர் எல்லாம் சேர்ந்து 350 மில்லி ஆம்பியரில் இன்னும் 0.4 வோல்ட் போல் எடுத்துக்கொள்ளும். மொத்தம் 10. பேட்டரி 10.8-க்கு இறங்கினாலும் வெளிச்சம் நிலையாக இருக்கும். நான்கு எல்இடியை வரிசையில் போட்டால் 12.8 ஆகிவிடும், பேட்டரி கொஞ்சம் இறங்கியதும் மங்கும். மங்குவதால் எதுவும் கெடாது, ஆனால் நள்ளிரவுக்குப் பிறகு ரோடு இருட்டாகும்.

முன்னே சொன்ன ஊராட்சி விளக்கில் எல்இடியும் ஏன் கருகியது என்று சிலர் கேட்பார்கள். உள் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் எல்இடி வரிசை நேராகப் பேட்டரிக்கும் கிரவுண்டுக்கும் இடையே மாட்டிக்கொள்கிறது. நடுவில் தடுப்பதற்கு அரை ஓம்கூட இல்லை. அதனால் எந்த போர்டிலும் உள்வழியில் ஒரு ஃப்யூஸ் வைத்துவிடுகிறேன். சில ரூபாய்க்குப் பார்க்காதீர்கள், ஒரு எல்இடி தட்டு மாற்ற ஏணியும் ஆளும் வண்டியும் வேண்டும்.

சரி, கரன்ட்டுக்கு வருவோம்.

1 வாட் எல்இடி என்றால் 350, 3 வாட் என்றால் 700 மில்லி ஆம்பியர் என்று கடையிலேயே சொல்லிவிடுவார்கள். நான் 1 வாட்டுக்கு 0.33 ஓம் போட்டு 300-இல் நிறுத்துவேன். பீளமேட்டில் ஒரு பட்டறைக்காரர், வயதில் மூத்தவர், இதற்கு ஒப்புக்கொள்ளவே இல்லை. "எல்லாரும் 350 வெக்கறாங்க தம்பி, நீங்க மட்டும் ஏனுங்க கம்மி பண்றீங்க? வெளிச்சம் பத்தலைன்னா யாரு வாங்குவா?" என்றார். வாதம் செய்யவில்லை. இரண்டு விளக்குகளை, ஒன்று 350, ஒன்று 300, சுவரைப் பார்த்து மாட்டி, எது எது என்று சொல்லாமல் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணாத்தானுங்களே இருக்கு" என்றார். 14 சதவீதக் கரன்ட்டைக் குறைத்தால் வெளிச்சம் அதைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் குறையும், ஏனென்றால் கரன்ட் இறங்கும்போது எல்இடியின் திறன் ஏறுகிறது. அந்த அளவு வித்தியாசம் கண்ணுக்குச் சிக்காது. ஆனால் சூடு குறைவது எல்இடியின் ஆயுளில் தெரியும், பேட்டரியும் கூடுதல் நேரம் வரும்.

இன்னொரு கணக்கும் உண்டு. இந்த வகை ஐசி கரன்ட்டை ஒரே கோட்டில் பிடிப்பதில்லை. மேலே 15 சதவீதம், கீழே 15 சதவீதம் என்று அலையவிட்டு, சராசரியைத்தான் சரியாக வைக்கும். சராசரி 350 என்றால் உச்சி 400. எல்இடி, காயில், டயோடு மூன்றுக்கும் இந்த உச்சியைத்தான் ஒப்பிட வேண்டும். காயில் வாங்கும்போது குறிப்பாக. 350-க்கு 68 மைக்ரோ ஹென்றி, 700-க்கு 47 என்று கேட்டு வாங்கிவிடுகிறோம், எத்தனை ஆம்பியரில் அது சாச்சுரேட் ஆகும் என்று கேட்பதில்லை. கடைக்காரருக்கும் பல சமயம் தெரியாது. சாச்சுரேட் ஆன காயில் வெறும் வயர் மாதிரி. கரன்ட் ஐசி நினைத்த இடத்தில் நிற்காமல் மேலே பாய்ந்துவிடும். ஐசிக்குள் இருக்கும் ஸ்விட்சுக்கு 1.5 ஆம்பியர்தான் கடைசிக் கோடு. ஸ்கோப் இல்லாதவர்கள் அரை மணி நேரம் எரியவிட்டுக் காயிலைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் அது சிறிய காயில், அடுத்த சைஸுக்குப் போங்கள்.

சென்ஸ் ரெசிஸ்டரோடு வெளியிலிருந்து கொஞ்சம் ரெசிஸ்டன்ஸ் சேர்ந்தாலும் கரன்ட் மாறிவிடும். 0.1 ஓம் ரெசிஸ்டரில் 0.01 ஓம் என்பது 10 சதவீதம். மெலிந்த டிராக், மோசமான சால்டர், இரண்டும் சேர்ந்தால் அந்த அளவு எளிதில் வந்துவிடும். சென்ஸ் ரெசிஸ்டர் ஐசியின் இரண்டு கால்களுக்கும் ஒட்டி இருக்கட்டும், ஒரு சதவீத ரகமாக இருக்கட்டும். பெரிய கரன்ட்டுக்கு ஒரே 0.15-க்குப் பதில் இரண்டு 0.3-ஐப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பேன். ஒன்று கழன்றால் விளக்கு பாதியாக எரியும், முழுசாக அணையாது.

இப்போது நான் பட்டறைகளில் அடிக்கடி பார்க்கிற ஒரு குழப்பம். போர்டு முடிந்ததும் கரன்ட் சரியா என்று பார்க்க, மீட்டரைப் பேட்டரி வயரில் மாட்டுகிறார்கள். 350 எதிர்பார்த்த இடத்தில் 290 காட்டும். "கரன்ட் கம்மியா வருது" என்று சென்ஸ் ரெசிஸ்டரைக் குறைத்துவிடுகிறார்கள். அந்த 290-தான் சரி. 9.6 வோல்ட்டில் 0.35 ஆம்பியர் என்றால் எல்இடிக்குப் போவது 3.36 வாட். டிரைவரின் திறன் 90 சதவீதம் என்று வைத்தால் பேட்டரியிலிருந்து 3.73 வாட். 12.8 வோல்ட்டில் அது 0.29 ஆம்பியர். சப்ளை வோல்டேஜ் எவ்வளவு கூடுதலோ, உள்ளே வரும் கரன்ட் அவ்வளவு குறைவு. 24 வோல்ட்டில் அதே மூன்று எல்இடியைப் போட்டால் இன்னும் பாதிதான் காட்டும், எல்இடியில் ஓடுவது அதே 350. இதைப் பார்த்து ரெசிஸ்டரைக் குறைத்தவர்களின் விளக்குகள்தான் நாலைந்து மாதத்தில் நீலம் பாய்ந்து என்னிடம் வருகின்றன.

சரியாகப் பார்க்க வயரை வெட்டவே வேண்டாம். மல்டிமீட்டரை 200 மில்லிவோல்ட் டிசி ரேஞ்சில் வைத்து, சென்ஸ் ரெசிஸ்டரின் இரு முனையிலும் முள்ளைத் தொடுங்கள். 100-க்குப் பக்கத்தில் இருந்தால் நீங்கள் போட்ட ரெசிஸ்டர் சொல்லும் கரன்ட்தான் ஓடுகிறது. ஒவ்வொரு ரீலிலிருந்தும் சில ஐசியை இப்படிப் பார்த்துவிட்டுத்தான் மற்றதைப் போர்டில் ஏற்றச் சொல்வேன். 4115 என்று அச்சடித்து வருவதெல்லாம் ஒரே கையில் பிறந்ததில்லை.

பிடி4115 டேட்டாஷீட்டின் முதல் பக்கத்தில் 1.2 ஆம்பியர் என்று இருக்கும். மூடிய பெட்டிக்குள் நான் 700-க்கு மேல் போவதில்லை. உள் டிரான்சிஸ்டரின் ரெசிஸ்டன்ஸ் 12 வோல்ட்டில் 0.6 ஓம் போல. 1 ஆம்பியர் ஓடி, நேரத்தில் 80 சதவீதம் ஸ்விட்ச் சேர்ந்திருந்தால் அதிலேயே அரை வாட் கிட்டத்தட்ட. ஸ்விட்ச் ஆகும் நட்டம் தனி. அந்த வெப்பம் வெளியேற ஐசியின் நடுத் தகடு நல்ல அகலமான கிரவுண்ட் செம்பில் உட்கார வேண்டும். ஒற்றைப் பக்க போர்டில், நெல்மணி அகலச் செம்பில் உட்கார்ந்தால், டேட்டாஷீட்டின் வெப்பக் கணக்கு நமக்குப் பொருந்தாது. 700 மில்லி ஆம்பியரில் இந்த நட்டம் பாதியாகிவிடுகிறது, கரன்ட்டின் வர்க்கத்தோடு போவதால்.

எல்இடித் தட்டின் சூட்டையும் அளந்தே கரன்ட்டை முடிவு செய்யுங்கள். தெர்மோகப்பிளை எல்இடியின் சால்டர் ஓரத்தில் சூடு தாங்கும் கேப்டன் டேப் போட்டு ஒட்டி, பெட்டியை மூடி, எண் ஏறாமல் நிற்கும்வரை எரியவிடுங்கள். இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். பத்து நிமிடத்தில் எடுத்த அளவு பொய் சொல்லும். 3 வாட் எல்இடிக்கு உள்ளே இருந்து சால்டர் வரை வாட்டுக்கு 10 டிகிரி என்று வைத்தால், வெளியே 70 காட்டும்போது உள்ளே 90-ஐத் தாண்டியிருக்கும். எனக்கு 70-தான் மேல் எல்லை. தெருவிளக்கு இரவில் எரிகிறது, அதனால் ஓரளவு தப்பிக்கிறது. தகரக் கூரைக்குக் கீழே பகலெல்லாம் எரியும் கோழிப்பண்ணை விளக்குக்கு இதே கரன்ட்டை வைத்தால் தாங்காது. அங்கே 3 வாட் எல்இடிக்கு 450, 500-இல் நிறுத்தி, எல்இடி எண்ணிக்கையைக் கூட்டிக்கொள்வது நல்லது.

பிடி4115-இல் வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தும் டிம் காலைப் பற்றி ஒரு வார்த்தை. அதைச் சும்மா விட்டால் விளக்கு முழு வெளிச்சத்தில் எரியும், 0.3 வோல்ட்டுக்குக் கீழே இழுத்தால் அணையும். 0.5-க்கும் 2.5-க்கும் இடையே வெளிச்சத்தை ஏற்றி இறக்கலாம். அதன் கடைசிக் கோடு 6 வோல்ட். ஆள் வந்தால் எரியும் சென்சாரின் 12 வோல்ட் வயரை நேராக அதில் கொடுத்துவிட்டு, ஐசி சரியில்லை என்று திட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காலை ஒரு சின்ன டிரான்சிஸ்டர் வைத்துக் கீழே இழுங்கள், மேலே தள்ளாதீர்கள்.

முதல் முறை பவர் கொடுக்கும்போது எல்இடியை முன்னாலேயே மாட்டிவிடுங்கள். எல்இடிக்குக் குறுக்கே கெப்பாசிட்டர் வைத்த போர்டாக இருந்தால், எல்இடி இல்லாமல் ஆன் செய்ததும் அது சப்ளை வோல்டேஜ் முழுவதையும் ஏற்றி வைத்துக்கொள்ளும். அப்புறம் எல்இடியை மாட்டினால் ஒரே அடியில் அதன் தலையில் கொட்டும். பெஞ்ச் சப்ளையில் கரன்ட் லிமிட்டை அரை ஆம்பியரில் வைத்து, 8 வோல்ட்டிலிருந்து மெதுவாக ஏற்றுங்கள்.

சோலாருக்குச் செய்த இந்த போர்டையே டிராக்டருக்கும் லாரிக்கும் கேட்கிறார்கள். கொடுப்பதில்லை. ஓடும் வண்டியில் பேட்டரி வயர் கழன்றால் ஆல்டர்னேட்டர் தள்ளும் ஸ்பைக் வேறு ரகம். வண்டிகளுக்கான ஐஎஸ்ஓ 16750 தரத்தில், தடுப்பு இல்லாத 12 வோல்ட் வண்டிக்கு அதை 79 முதல் 101 வோல்ட், 24 வோல்ட் வண்டிக்கு 151 முதல் 202 வோல்ட் என்று வைத்திருக்கிறார்கள். 60 வோல்ட் ஐசிகூட அதற்குப் போதாது. பெரிய டிவிஎஸ், முன்னால் சப்ளையை வெட்டிவிடும் ஒரு மாஸ்ஃபெட் என்று தனியாக ஒரு போர்டு வேண்டும், விலையும் கூடும். அதற்குத் தயார் என்று சொல்கிறவர்களுக்குத்தான் செய்து கொடுக்கிறேன்.